பொலிகாளையின் இனவிருத்தி உறுப்புகள்: அமைப்பும் பணியும்

(கால்நடை வளர்ப்போர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நாற்றங்கால் விடுவதற்கு முன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நூறு நெல்லை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறீர்கள். எண்பதுக்குக் கீழே போனால் அந்த விதையைத் தள்ளி விடுகிறீர்கள். ஒரு போக நெல்லுக்கே இவ்வளவு கவனம். ஆனால், ஊரிலுள்ள மாடுகளுக்கெல்லாம் விதை கொடுக்கும் பொலிகாளையை நாம் சோதித்துப் பார்க்கிறோமா? திமில் எடுப்பாக இருக்கிறதா, கொம்பு அழகாக இருக்கிறதா, சுழி சுத்தமா என்று பார்க்கிறோம். விதை முளைக்குமா என்று மட்டும் பார்ப்பதில்லை.

ஒரு ஊரை எண்ணிப் பாருங்கள். கோடையில் ஊர்க் காளைக்கு நாலு நாள் காய்ச்சல். மருத்துவம் பார்த்துத் தேறி விட்டது; நன்றாகத் தின்கிறது, திமிறிக் கொண்டு நிற்கிறது. அடுத்த மாதம் அதனிடம் பத்து மாடுகள் சேர்க்கப்படுகின்றன. இருபத்தோராம் நாள் பார்த்தால் ஏழெட்டு மாடுகள் மறுபடியும் கத்துகின்றன. மீண்டும் அதே காளையிடம் சேர்க்கிறார்கள், மீண்டும் நிற்கவில்லை. கடைசியில் 'இது மலட்டு மாடு' என்று சொல்லி, நல்ல கறவையைச் சந்தைக்கு ஓட்டி விடுகிறார்கள். குற்றம் மாட்டில் இல்லை, காளையில் இருந்தது. அதுவும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தானே தீர்ந்திருக்கும் குற்றம்.

இந்தத் தவறு நேராமலிருக்க, காளையின் உறுப்புகள் எப்படி அமைந்திருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்து கொள்ள வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏரின் கொழுவையும் நுகத்தடியையும் பற்றிப் பேசுவது போலத்தான் இதுவும்.

விரைகள்

காளையின் பின்னங்கால்களுக்கு இடையே தொங்கும் தோல் பைக்கு விரைப்பை என்று பெயர். அதற்குள் இரண்டு விரைகள் இருக்கின்றன. விதை, காய், கொட்டை என்று வட்டாரத்துக்கு ஒரு விதமாகச் சொல்வீர்கள். நீண்ட முட்டை வடிவம். வளர்ந்த காளையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 முதல் 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

விரை இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, விந்தணுக்களை உண்டாக்குவது. விரையை அறுத்துப் பார்த்தால் உள்ளே நூலைவிட மெல்லிய குழாய்கள் சுருண்டு சுருண்டு அடைந்து கிடக்கும். இரண்டு விரைகளிலும் உள்ள இந்தக் குழாய்களை நீட்டிப் போட்டால் சுமார் 5 கிலோமீட்டர் நீளம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றின் உட்சுவரில்தான் விந்தணுக்கள் உண்டாகின்றன. நல்ல காளையில் நாளொன்றுக்குப் பல நூறு கோடி உண்டாகும்.

இரண்டாவது வேலை, டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரைச் சுரப்பது. இது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது. தடித்த கழுத்து, உயர்ந்த திமில், கனத்த குரல், பருவத்துக்கு வந்த மாட்டை நாடும் ஆவல் ஆகிய எல்லாம் இதனால் வருபவை. காயடித்த எருதுக்கு இவை குறைந்து போவது இதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் வேறு வேறு. இயக்குநீர் குறையாமல் இருந்து, விந்தணு மட்டும் கெட்டுப் போகலாம். அப்படிப்பட்ட காளை ஆவலோடு பாயும், முறையாகச் சேரும். ஆனால் சினை நிற்காது. 'பாய்ச்சலில் குறையில்லை, ஆகவே காளையில் குறையில்லை' என்று நினைப்பது தவறு.

விரை ஏன் வெளியே தொங்குகிறது?

இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் உடம்புக்குள் பத்திரமாக இருக்க, இவ்வளவு முக்கியமான உறுப்பு மட்டும் ஏன் வெளியே தொங்குகிறது? காரணம் சூடு. மாட்டின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் நல்ல விந்தணு உண்டாகாது. அதற்கு 4, 5 டிகிரி குறைவாக இருக்க வேண்டும்.

இதற்காக இயற்கை மூன்று ஏற்பாடுகள் செய்திருக்கிறது. விரைப்பையின் தோல் மெல்லியது, ரோமம் குறைந்தது, வியர்வை சுரப்பது. வியர்வை உலரும்போது சூடு தணிகிறது. அடுத்து, விரையைத் தாங்கும் தசைகள். குளிர்ந்த காலையில் விரை மேலே ஏறி உடம்போடு ஒட்டியிருக்கும். வெயில் நேரத்தில் தளர்ந்து கீழே தொங்கும். இதை நீங்களே தொழுவத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, இரத்தக் குழாய்களின் பின்னல். விரைக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டு வரும் குழாய், பையின் கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து வருகிறது. அதைச் சுற்றி, விரையிலிருந்து குளிர்ந்து திரும்பும் இரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன. வெந்நீர்ச் செம்பைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றுவது போல, உள்ளே போகும் இரத்தம் ஆறிய பிறகே விரைக்குச் சேர்கிறது.

ஆகவே காளையை அளவுக்கு மீறிக் கொழுக்க வைக்காதீர்கள். விரைப்பையின் கழுத்தில் கொழுப்புப் படிந்தால், அது போர்வை போர்த்தியது போல ஆகிவிடும், சூடு தணியாது. பார்வைக்கு மினுமினுப்பாக இருக்கும் காளை, பலனில் குறைந்து போகும்.

சில கன்றுகளில் ஒரு விரையோ இரண்டுமோ பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டும் இறங்காத காளை மலடு. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் கன்று பிறக்கலாம். ஆனால் இந்தக் குறை வழிவழியாக வரக்கூடியது. அதைப் பொலிகாளையாக வைக்கக் கூடாது.

எழுபது நாள் கணக்கு

நெல்லுக்கு வயது இருப்பது போல விந்தணுவுக்கும் வயது உண்டு. காளையின் விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய 61 நாட்கள் ஆகின்றன. பிறகு அது விரையின் பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சுருள்குழாய்க்குள் போகிறது. நீட்டினால் முப்பது மீட்டருக்கு மேல் வரும் இந்தக் குழாயைக் கடக்க இன்னும் 8 முதல் 11 நாட்கள். விரையிலிருந்து வெளிவரும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது, கருவூட்டவும் முடியாது. இந்தக் குழாயில் பயணம் செய்யும்போதுதான் முதிர்ச்சி அடைகிறது. குழாயின் வால் பகுதியில், அதாவது விரையின் அடிப்பக்கத்தில், முதிர்ந்த விந்தணுக்கள் சேர்ந்து காத்திருக்கும். தானியக் குதிர் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஆக, இன்று வெளிவரும் விந்தணு ஏறத்தாழ எழுபது நாட்களுக்கு முன் விதைக்கப்பட்டது. இன்றைய காய்ச்சலின் பலன் இன்றே தெரியாது. குதிரில் இருக்கும் பழைய விந்தணுவால், காய்ச்சல் தீர்ந்த வாரத்தில் சேர்த்த மாடு சில வேளை சினை நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து, கெட்ட விந்தணுக்கள் வரத் தொடங்கும். அது இரண்டு, இரண்டரை மாதம் வரை நீடிக்கலாம். நான் முதலில் சொன்ன ஊரில் நடந்தது இதுதான். கோமாரி போன்ற கடுங்காய்ச்சல் கண்ட காளையை இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வில் வைத்து, விந்தைச் சோதித்த பிறகே மாடுகளிடம் விட வேண்டும்.

காய்ச்சல் மட்டுமல்ல, கத்திரி வெயிலில் நிழலின்றிக் கட்டிக் கிடக்கும் காளைக்கும் இதே கதிதான். ஒரு வேப்ப மர நிழலும் வேண்டிய மட்டும் தண்ணீரும் பெரிய செலவல்ல.

நாளங்களும் சுரப்பிகளும்

குதிரிலிருந்து விந்தணுவை எடுத்துச் செல்ல விரைக்கு ஒன்றாக இரண்டு நாளங்கள் உண்டு. இவை விரைப்பையின் கழுத்து வழியாக மேலேறி, இடுப்பெலும்புக் கூட்டுக்குள் சென்று, சிறுநீர்க் குழாயோடு சேர்கின்றன. காயடிக்கும்போது பர்டிசோ கிடுக்கியால் நசுக்குவது இந்த நாளத்தையும், உடன் வரும் இரத்தக் குழாய்களையும்தான். இரத்த ஓட்டம் நின்றதும் விரை சுருங்கி விடுகிறது. தோல் கிழிவதில்லை, ஆகவே புண்ணும் புழுவும் வருவதில்லை. கல்லால் நசுக்கும் பழைய முறை கொடுமையானது. அதை விட்டு விடுங்கள். கால்நடை மருத்துவரிடம் சென்று, மரத்துப் போக ஊசி போட்டுச் செய்து கொள்ளுங்கள். காயடித்த உடனே காளை மலடாகி விடுவதில்லை. நாளத்தில் ஏற்கனவே தங்கிய விந்தணு சில வாரம் இருக்கும். அதுவரை பசுக்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

நாளங்கள் சேரும் இடத்தில் மூன்று வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியவை விந்துப் பைகள் எனப்படும் இணைச் சுரப்பிகள். காளையின் விந்தில் பெரும்பகுதி நீர் இவற்றிலிருந்தே வருகிறது. விந்தணுவுக்கு வேண்டிய சர்க்கரைச் சத்தும் இந்த நீரில் உண்டு. மற்றவை புராஸ்டேட் சுரப்பியும் கூப்பர் சுரப்பிகளும். சேர்க்கைக்கு முன் காளையின் குறியிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது விந்து அல்ல. சிறுநீர் வரும் பாதையைக் கழுவிச் சுத்தம் செய்யும் நீர். விந்து வீணாகிறது என்று கவலைப்பட வேண்டாம்.

ஆண்குறியும் உறையும்

காளையின் குறி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் உடையது. ஆனால் வெளியே தெரிவதில்லை. விரைப்பைக்குப் பின்புறம் பாம்பு போல இரட்டை வளைவாக மடிந்து, தசையால் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. காளை ஏறும்போது தசை தளர்ந்து வளைவு நிமிர்கிறது. குதிரையைப் போல இரத்தம் நிரம்பிப் பருக்கும் குறியல்ல இது, நார்த்தசையால் ஆனது. சேர்க்கை ஒரே பாய்ச்சலில், நொடிப்பொழுதில் முடிந்து விடும். அந்த நொடியில் மாடு நகர்ந்தாலோ தரை வழுக்கினாலோ குறியில் அடிபட்டு இரத்தம் கட்டிக் கொள்ளும். காளை நிரந்தரமாகப் பயனற்றுப் போகலாம். ஆகையால் சேற்றிலும் சிமெண்டுத் தரையிலும் சேர்க்காதீர்கள். சொரசொரப்பான மண் தரையே நல்லது. பின்னங்கால்களில் நொண்டல் உள்ள காளையும் உதவாது. முழு எடையையும் அந்தக் கால்களே தாங்க வேண்டும்.

வயிற்றின் அடியில் தொங்கும் தோலுறை நம் நாட்டு இனங்களில் சற்று நீளமானது. சீமைக்கருவேல முள் கிழித்துப் புண்ணாவது உண்டு. உறையின் உள்மடிப்புகளில் வேறொரு ஆபத்தும் ஒளிந்திருக்கும். சில தொற்று நோய்க் கிருமிகள் அங்கே தங்கி, காளைக்கு எந்தத் துன்பமும் தராமல், சேரும் மாட்டுக்கெல்லாம் பரவும். மாடு சினை பிடிக்காது, அல்லது சில மாதங்களில் கரு கலைந்து விடும். புருசெல்லா என்ற கிருமி விரையையே தாக்கி வீங்கச் செய்யும். இது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும், ஆண்களின் விரையையும் வீங்கச் செய்யும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் போடப்படுகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

விந்தும் விந்தணுவும்

1677-இல் ஹாலந்து நாட்டு லேவன்ஹுக் என்பவர், தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் விந்தணு நீந்துவதைக் கண்டார். இன்று ஒரு சொட்டு விந்தை நுண்ணோக்கியில் வைத்தால் அதன் தரம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நல்ல விந்து பாலாடை போலக் கெட்டியாக இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் மழைமேகம் போல அலையலையாகப் புரளும்.

காளை ஒரு முறை 3 முதல் 8 மில்லிலிட்டர் விந்து தரும். ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 100 கோடி விந்தணுக்கள். 5 மில்லிலிட்டர் என்று கொண்டால் 500 கோடி. சினை ஊசிக்குப் பயன்படும் உறைவிந்துக் குச்சி ஒன்றில் 2 கோடி விந்தணு போதும். அப்படியானால் ஒரு முறை எடுத்த விந்தில் 250 குச்சிகள் வரை தயாரிக்கலாம். நேராகச் சேர்த்தால் ஒரு மாடு. ஊசி மூலம் இருநூறுக்கு மேல். நம் நாட்டில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் தொடங்கிய இந்த முறையின் கணக்கு இதுதான். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கிடக்கிறது. வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உடனே செலுத்த வேண்டும். சட்டைப்பையில் போட்டுக் கொண்டு வந்தால் பலன் இராது.

விந்தணுவின் தலைப்பகுதியில்தான் தந்தையின் குணங்கள் அடங்கியிருக்கின்றன. மாட்டின் உடலணுவில் 60 நிறக்கோல்கள். 30 தாய் தருவது, 30 தந்தை தருவது. பிறப்பது கிடேரியா காளைக் கன்றா என்று தீர்மானிப்பதும் தந்தையின் விந்தணுவே. 'இந்த மாடு காளைக் கன்றாகவே போடுகிறது' என்று மாட்டைக் குறை சொல்லாதீர்கள். வீட்டிலும் இது அப்படியே பொருந்தும். பெண் பிறந்தால் மருமகளை ஏசுவதில் நியாயம் இல்லை. இப்போது கிடேரிக் கன்று தரும் விந்தணுவைப் பிரித்தெடுத்த குச்சிகளும் கிடைக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது கிடேரியாகப் பிறக்கும்.

தீவனம்

இங்கே பருத்திக்கொட்டை பற்றிச் சொல்லியாக வேண்டும். கறவைக்குக் கொடுக்கும் பழக்கத்தில் காளைக்கும் பலம் வரட்டும் என்று படி படியாக அரைத்து ஊற்றுகிறோம். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற பொருள் உண்டு. அது ஆணின் விந்தணுவைக் கெடுக்கும். சீனாவில் 1970-களில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக அதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்து கொள்ளலாம். ஆகவே பொலிகாளைக்குப் பருத்திக்கொட்டை வேண்டாம். கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை போதும்.

வறட்சிக் காலத்தில் வைக்கோல் மட்டுமே தின்னும் காளைக்கு உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து, விரையின் குழாய்கள் சீர்கெடும். வேலிமசால், அகத்தி, தீவனச் சோளம் எதுவானாலும் நாளும் கொஞ்சம் பச்சை சேர வேண்டும்.

வெள்ளாட்டுக் கிடாய்

கிடாயின் அமைப்பும் பெரும்பாலும் இதுவே. விந்தணு உருவாக ஏறத்தாழ 48 நாட்கள். ஒரு முறை வரும் விந்து ஒரு மில்லிலிட்டர் அளவே. ஆனால் மிகக் கெட்டி. கிடாயின் குறி நுனியில் புழுப் போன்ற சிறு நீட்சி இருக்கும். சிறுநீர்க் கல் அடைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கிடாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு நாள் தாமதம் உயிருக்கு ஆபத்து. தானியம் மிகுதியாகக் கொடுப்பதும் தண்ணீர் குறைவாக வைப்பதும் இதற்குக் காரணங்கள்.

காளையைத் தேர்ந்தெடுக்கும்போது

காளையை மரச்சட்டத்தில் அடக்கி, மருத்துவர் முன்னிலையில் பின்புறம் நின்று பாருங்கள். இரண்டு விரைகளும் ஏறக்குறைய ஒரே அளவில், பைக்குள் வழுவழுவென்று நகரக் கூடியனவாக இருக்க வேண்டும். அழுத்தினால் கொழகொழவென்றும் இருக்கக் கூடாது. கல் போலவும் இருக்கக் கூடாது. பிறகு தையற்காரர் நாடாவால் விரைப்பையின் பருத்த இடத்தில் சுற்றளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வயது கடந்த மேல்நாட்டு இனக் காளைக்குக் குறைந்தது 34 சென்டிமீட்டர் என்பது அளவு. நாட்டு இனங்களுக்கு இது சற்றுக் குறைவு. ஒரே வயதுள்ள ஒரே இனக் காளைகளை ஒப்பிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். விரை பெருத்த காளைக்குப் பிறக்கும் கிடேரிகள் விரைவில் பருவத்துக்கு வருகின்றன என்பதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

முடிவாக, நினைவில் கொள்ள வேண்டியவை:

1. ஒரே காளையிடம் சேர்த்த மூன்று நான்கு மாடுகள் இருபத்தோராம் நாள் திரும்பக் கத்தினால், முதலில் காளையைச் சந்தேகியுங்கள்.

2. காய்ச்சல் கண்ட காளைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வு கொடுங்கள்.

3. வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் சேர்க்காதீர்கள்.

4. நிழல், தண்ணீர், பசுந்தீவனம் தவறக் கூடாது, பருத்திக்கொட்டை கூடாது.

5. ஊர்ப் பொதுக் காளையானாலும் கோயில் காளையானாலும், ஆண்டுக்கு ஒரு முறை விந்துச் சோதனையும் புருசெல்லா இரத்தச் சோதனையும் செய்யுங்கள்.

கெட்ட பசுவால் ஒரு வீட்டுக்கு நட்டம்; கெட்ட காளையால் ஊருக்கே நட்டம். ஐந்தாவதைச் செய்ய ஊரில் யாராவது ஒருவர் முன்வர வேண்டும். கோயில் காளைக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறோம். அந்தக் கையோடு அதை மருந்தகத்துக்கும் ஒரு நடை ஓட்டிச் செல்லுங்கள். அதன் பிறகும் சினை நிற்காத மாடு இருந்தால், அப்போது மாட்டைப் பற்றிப் பேசலாம். அதுவரை எந்தப் பசுவையும் மலடு என்று சொல்லிச் சந்தைக்கு ஓட்டாதீர்கள் என்று கேட்டுக் கொண்டு விடைபெறுகிறேன்.